ஊர்ல தனியா இருக்கற அம்மாவுக்கு உடம்பு விஷயத்துல யாரைக் கேட்டு சொல்றது?

துவாஸ்_செல்வம்
ஞாயிறு, இரவு 9:40

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்கு கேக்க வேண்டிய நெலமை. நான் சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் டாம்ல (தொழிலாளர் விடுதி) இருக்கேன், ஷிப்யார்ட் வேலை, வந்து ஏழு வருஷம் ஆச்சு. ஊரு அறந்தாங்கிலேர்ந்து உள்ள போகணும், பஸ்ஸு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, அதுவும் மழை வந்தா டவுட்டுதான். அப்பா இல்ல, தங்கச்சிய திருப்பூர்ல கட்டி குடுத்தாச்சு, அம்மா மட்டும் வீட்ல, வயசு 61.

விஷயம் என்னன்னா அம்மாவுக்கு ரெண்டு வருஷமா பிரஷர். போன மாசத்துலேர்ந்து தலை சுத்துது, பிடரி வலிக்குதுன்னு சொல்லுது. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியான்னு கேட்டா ஆமாங்குது. நேத்து வீடியோ கால்ல (இங்க ராத்திரி எட்டு, அங்க அஞ்சரை, அப்பதான் வெளிச்சம் இருக்கும்) எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வந்து காட்டுன்னு சொன்னேன். ஒரு எவர்சில்வர் தட்டுல கொட்டி காட்டுச்சு பாருங்க, எனக்கு பகீர்னு ஆயிருச்சு. வெள்ளைல ரெண்டு, மஞ்சள்ல ஒண்ணு, ஆரஞ்சுல ஒரு குட்டி மாத்திரை, எல்லாம் கத்திரிக்கோலால வெட்டுன துண்டு அட்டை, பேரு இருக்கற பக்கம் வேற யாருக்கோ போயிருக்கு, இதுல வெறும் பின்பக்கம் பளபளன்னு. என்னம்மா இதுன்னு கேட்டா "மெடிக்கல்ல முட்டி வலிக்கு செட்டு மாத்திரை வாங்குனேன்டா, நல்லா கேக்குது"ங்குது. அப்ப பிரஷர் மாத்திரை எங்கன்னா, அது தீந்து ஒரு மாசம் ஆச்சாம். பக்கத்து வீட்டு மாமா போன்ல ஏதோ வாய்ஸ் மெசேஜ் போட்டு காட்டிருக்காரு, பிரஷர் மாத்திரை தொடங்குனா கிட்னி போயிரும், சின்ன வெங்காயமும் சீரகமும் போதும்னு. அதோட விட்ருச்சு.

அதே மாமாதான் எனக்கும் அனுப்புவாரு, பக்கவாதம் வந்தா பத்து விரல்லயும் ஊசியால குத்தி ரத்தம் எடுத்தா சரியாயிரும், ஹார்ட் அட்டாக் வந்தா இருமிக்கிட்டே இருக்கணும்னு.

நான் என் பங்குக்கு இங்கேர்ந்து நல்ல டாக்டர் பேசுற வீடியோவா தேடி தேடி அம்மாவுக்கு அனுப்புறேன். அம்மா அதுல ஒண்ணையும் தொறக்கறதில்ல, தொறந்தாலும் முதல்ல விளம்பரம் வருதாம், அதோட மூடி வச்சிருது. இங்க டாம் மெடிக்கல் சென்டர்ல டாக்டர்ட்ட கேட்டேன், பாவம் நல்ல மனுஷன், பேஷண்ட பாக்காம நான் எப்படி சொல்றதுன்னுட்டாரு, அதுவும் நியாயம்தான். ஊர்ல இருக்கறவங்க இந்த மாதிரி விஷயமெல்லாம் யாரைக் கேட்டுதான் தெரிஞ்சிக்கிறாங்க? எனக்கு நம்பகமா ஒரு வழி சொல்லுங்க. தனியார் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போக ஆள் இல்ல, லீவு போட்டு போகவும் இப்ப முடியாது.


நர்ஸக்கா
ஞாயிறு, இரவு 10:25

தம்பி, நான் இங்க ஒரு ஆஸ்பத்திரில 14 வருஷமா தாதியா இருக்கேன், அதுக்கு முன்னாடி திருநெல்வேலி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல (பிஎச்சி) வேலை பாத்தவ. ரெண்டு பக்கமும் தெரியும்ங்கறதால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல அந்த தட்டுல இருக்கற செட்டு மாத்திரை. என்னன்னு பாக்காம அடிச்சு சொல்ல முடியாது, ஆனா முட்டி வலிக்கு மெடிக்கல்ல கட்டி குடுக்கற செட்டுல பெரும்பாலும் டைக்ளோபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும், ஒரு கேஸ் மாத்திரை இருக்கும், சில கடைல டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டும் சேத்துருவாங்க, அதனாலதான் "நல்லா கேக்குது". வலி மாத்திரையே பிரஷர ஏத்தும், தினமும் சாப்பிட்டா கிட்னியையும் கெடுக்கும். ஸ்டீராய்டு சுகரையும் சேத்து ஏத்தும், மொகம் உப்பும். ஆக உங்கம்மா கிட்னிக்கு பயந்து எத விட்டாங்களோ அது கிட்னிய காப்பாத்துற மாத்திரை, எத விடாம சாப்பிடறாங்களோ அதுதான் கிட்னிக்கு ஆகாதது. அந்த வாய்ஸ் மெசேஜ் போட்ட ஆளு வீட்டுக்கு வந்து பாக்கவா போறான். கட்டுப்படாத பிரஷர்னாலதான் கிட்னி போகுது தம்பி, மாத்திரையால இல்ல.

ஆனா ஒண்ணு, இதை படிச்சிட்டு இன்னைக்கே போன் போட்டு எல்லாத்தையும் தூக்கி போடுன்னு சொல்லிராதீங்க. எத்தனை மாசமா தினமும் சாப்பிடறாங்கன்னு கேளுங்க. ஸ்டீராய்டு பல வாரமா ஓடிட்டிருந்தா திடீர்னு நிறுத்தக் கூடாது, மயக்கம் போட்டு விழுந்துருவாங்க, டாக்டர் பாத்து படிப்படியா கொறைக்கணும். அந்த வெட்டுன அட்டையோட, தட்டோடயே வேணும்னாலும், பிஎச்சிக்கு கொண்டு போகச் சொல்லுங்க. அங்க இருக்கறவங்களுக்கு அந்த செட்ட பாத்த உடனே தெரியும், தினம் பாக்கறதுதானே. வெட்டுன அட்டை வாங்காம பேரும் தேதியும் இருக்கற பக்கமா கேட்டு வாங்கணும்னு அம்மாட்ட சொல்லி வைங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன், யாரைக் கேக்கறது. உங்க ஊருக்குன்னு ஒரு கிராம சுகாதார செவிலியர் இருப்பாங்க, ஊர்ல நர்ஸம்மான்னுதான் சொல்லுவாங்க. கணக்குப்படி சமவெளில 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைல 3000 பேருக்கு ஒண்ணு. தடுப்பூசி போட, கர்ப்பிணிங்கள பாக்க வர்றவங்க, அதனால வயசான அம்மாக்களுக்கு நமக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரு நெனப்பு, அது தப்பு. அதுக்கு மேல 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தொடங்குனாங்களே மக்களைத் தேடி மருத்துவம், அதுல மகளிர் சுயஉதவி குழு பொண்ணுங்கள்ல ஒருத்தர பயிற்சி குடுத்து வச்சிருக்காங்க, வீட்டுக்கே வந்து பிரஷர் பாப்பாங்க, சுகர் பாப்பாங்க, மாத்திரையும் கையில குடுப்பாங்க. ஒரு தடவ பிஎச்சில பேர பதிஞ்சு நோட்டு போட்டுட்டா போதும். காசு கிடையாது.

அந்த அக்கா யாருன்னு கண்டுபிடிச்சு அவங்க போன் நம்பர வாங்குங்க. நீங்க அனுப்புற ஐம்பது வீடியோவ விட அந்த ஒரு நம்பர்தான் உங்களுக்கு வேணும். எப்படி கண்டுபிடிக்கறதுன்னா அங்கன்வாடி டீச்சர கேளுங்க, இல்ல ரேஷன் கடைல கேளுங்க, ஊருக்குள்ள யாரு வீட்டுக்கு எப்ப யாரு வர்றாங்கன்னு அவங்களுக்கு தெரியாம இருக்காது.

ஊசி குத்துற மெசேஜ் பத்தி ஒரே வார்த்தை. வாய் கோணுதா, ஒரு கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா, உடனே 108. ரத்தக் கட்டிய கரைக்கற ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் கெடு, விரல்ல குத்திக்கிட்டு உக்காந்தா அந்த நேரம் போயிரும். நெஞ்சு வலிக்கும் இருமிக்கிட்டு உக்கார வேணாம், 2023லேர்ந்து இதயம் காப்போம்னு திட்டம், பிஎச்சிலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூணையும் மொதல் டோசா குடுத்துதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. நாளைக்கு டியூட்டி, மீதி அப்புறம்.


ஈசூன்_பிளாக்கு
ஞாயிறு, இரவு 11:05

104ன்னு ஒரு நம்பர் இருக்கே, தமிழ்நாடு அரசு சுகாதார ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, அதுக்கு அடிச்சு கேக்கலாமே ப்ரோ.


துவாஸ்_செல்வம்
ஞாயிறு, இரவு 11:12

இங்கேர்ந்து போகலண்ணே. +91 போட்டு 104 அடிச்சா நம்பரே இல்லங்குது. 108ம் அப்படித்தான்.


ஈசூன்_பிளாக்கு
ஞாயிறு, இரவு 11:20

ஆமா சாரி, அது ஊருக்குள்ள இருந்துதான் போகும். நான் எங்கப்பாவுக்கு பண்ணது சொல்றேன், சிரிக்காதீங்க. அம்மா போன்ல எனக்கு வாட்ஸப் கால், அப்பாவோட பட்டன் போன்ல 104 போட்டு ஸ்பீக்கர், ரெண்டையும் திண்ணைல பக்கத்து பக்கத்துல வச்சிட்டு 104ல பேசுற அம்மா அங்கேர்ந்து கேக்க நான் இங்கேர்ந்து பதில் சொல்ல, நடுவுல எங்க வீட்டு கோழி வேற. ஆனா வேலை ஆச்சு. நாய் பிராண்டுனதுக்கு கேட்டோம். சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுங்க, மஞ்சள் சுண்ணாம்பு ஒண்ணும் வைக்காதீங்க, இன்னைக்கே பிஎச்சி போய் ஊசி போடுங்க, அப்புறம் 3, 7, 28ன்னு நாள் எழுதிக்கங்கன்னு தெளிவா சொன்னாங்க. எங்கப்பா சின்ன கீறல்தானேன்னு விட்டுருப்பாரு.


கொல்லிமலைக்காரன்
திங்கள், காலை 6:50

எல்லாரும் நர்ஸம்மாவ கேளு அங்கன்வாடிய கேளுன்னு ஈசியா சொல்லிட்டீங்க. நான் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி அதுக்கு மேல இன்னும் நடக்கணும் எங்க ஊருக்கு. நர்ஸம்மா போஸ்டிங் காலியா கெடந்து பக்கத்து ஏரியா நர்ஸம்மா சேத்து பாத்துட்டு இருந்த காலம் உண்டு, மாசத்துல ஒரு நாள் வந்தா பெருசு, அந்த நாள் நீங்க காட்டுக்கு மொளகு பறிக்க போயிருந்தா அடுத்த மாசம்தான். அவங்கள தப்பு சொல்லல, ஒரு ஆளு எத்தனை ஊரு ஏறி எறங்குவாங்க. ஆனா யூடியூப்ப இவ்ளோ திட்டுறீங்களே, எங்களுக்கு அதுவும் இல்லன்னா ஒண்ணுமே இல்ல.

என் தங்கச்சி முழுகாம இருந்தப்ப பிக்மி நம்பர்னு கர்ப்பிணிங்கள பதியற நம்பர் ஒண்ணு போடணும், அது இருந்தாதான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல பணமும் சத்து பெட்டகமும் சேத்து 18,000 ரூபாய்க்கு வரும், பொறந்த புள்ளைக்கு பர்த் சர்டிபிகேட் எடுக்கவும் அது வேணும், இதெல்லாம் எங்களுக்கு யாரு வந்து சொன்னா? கோயில் பாறை மேல ஏறுனாதான் எங்க ஊர்ல டவர் கிடைக்கும், அதுல ஏறி உக்காந்து அவளே ஒரு வீடியோ பாத்து தெரிஞ்சிக்கிட்டா. அப்புறம்தான் நர்ஸம்மாவுக்கு போன் போட்டு வாங்குனா. தெரிஞ்சுதான் கேக்க முடிஞ்சுச்சு. தெரியலன்னா என்னத்த கேக்கறது?


நர்ஸக்கா
திங்கள், பகல் 1:15

கொல்லிமலை தம்பி சொல்றது நியாயம், நான் சமவெளி ஆளு அதான் அப்படி எழுதிட்டேன். யூடியூப்ல எல்லாமே குப்பைன்னு சொல்ல வரல. ஆனா 2018ல திருப்பூர்ல ஒரு பொண்ணு வீடியோ பாத்து வீட்லயே பிரசவம் பாக்கப் போய் உசுரு போச்சே, அதுவும் படிச்ச குடும்பம், டவுனு. உங்க தங்கச்சி வீடியோல பாத்தத கொண்டு போய் நர்ஸம்மாட்ட கேட்டா பாருங்க, அந்த ரெண்டாவது அடிதான் எனக்கு முக்கியமா தெரியுது. நம்ம மாமாக்கள் அந்த ரெண்டாவது அடி வைக்கறதே இல்ல, நேரா பார்வர்டு.

மலை ஊருக்கு நம்ம ஆளுங்களுக்குள்ளயே பயிற்சி குடுக்கறதுதான் வேலைக்கு ஆகும். தர்மபுரி பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைக்கு நடுவுல சிட்டிலிங்கின்னு ஒரு பள்ளத்தாக்கு, டாக்டர் ரெஜியும் லலிதாவும் 1993ல ஒரு குடிசைல ஆரம்பிச்சாங்க. வெளில இருந்து நர்ஸு வரமாட்டேங்குறாங்கன்னு அங்க உள்ள மலைவாழ் பொண்ணுங்களுக்கே சொல்லி குடுத்து, பிரசவம் பாக்கறதுலேர்ந்து எல்லாமே அவங்கதான். ஊருக்கு ஊரு ஒரு அம்மாவ சுகாதார துணையாளரா வச்சு, குழந்தைக்கு வயித்தால போனா சக்கரை உப்பு தண்ணி குடுன்னு சொல்ல வச்சாங்க. அதே பேச்ச நாம போய் சொன்னா கேக்க மாட்டாங்க, சொந்தக்காரி சொன்னா கேப்பாங்க. பச்ச புள்ளைங்க சாவு அங்க எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு டவுன் டாக்டருங்களே வந்து பாத்துட்டு போறாங்க.


பழைய_செம்பவாங்
திங்கள், மாலை 4:30

படித்துக்கொண்டே வந்தேன், சும்மா இருக்க முடியவில்லை லா. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வயது 70ஐத் தாண்டிவிட்டது, தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

எங்கம்மா ஜொகூர்ல குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க. அவங்க கதையெல்லாம் டிரஸ்ஸர் கதைதான், தோட்டத்துல மருந்து குடுக்கறவர அப்படித்தான் சொல்லுவாங்க. தோட்டத்துக்கு டாக்டர் எப்பவாவது மோட்டார்ல வருவாரு, மத்த நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர், வாத்தியார் எல்லாமே. காலைல பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) முன்னாடியே லயத்துல யாருக்கு காய்ச்சல்னு தெரிஞ்சிருக்கும் அவருக்கு. கொய்னா (மலேரியா மருந்து) கசப்புன்னு புள்ளைங்க துப்பிரும்னு அவரு முன்னாடியே நின்னு முழுங்க வச்சு, வாயத் தொறந்து காட்டச் சொல்லுவாராம். தண்ணிய கொதிக்க வை, சாக்கடைல தண்ணி நிக்க விடாதன்னு அவரு சொன்னா கங்காணி சொன்ன மாதிரி. எங்க பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மலேரியா எப்படி வருதுன்னு மட்டும் நல்லா தெரியும், டிரஸ்ஸர் சொன்னது.

ஆனா அதுலயும் ஒரு சங்கடம் இருக்கு, செல்வம் தம்பி. அவரு ஒருத்தர்தான், அவரு நல்லவரா இருந்தா தோட்டமே பொழைக்கும். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி வேற தோட்டத்துல ஒரு டிரஸ்ஸர் இருந்தாராம், எதுக்கு போனாலும் ஒரே தண்ணி மருந்து, சிவப்பு கலர், வயித்து வலிக்கும் அதுதான் தலைவலிக்கும் அதுதான், வேலைக்கு வராம ஏமாத்துறியான்னு திட்டு வேற. உங்க ஊரு மெடிக்கல்காரர படிச்சப்ப அவரு ஞாபகம்தான் வந்துச்சு. கேள்வி கேக்க வேற எடம் இல்லாத ஊர்ல ஒருத்தர் என்ன குடுத்தாலும் அதுதான் மருந்து.

இங்க எங்களுக்கு 2023 ஜூலைல ஹெல்தியர் எஸ்ஜின்னு அரசாங்க திட்டம் வந்ததுலேர்ந்து ஒரு குடும்ப டாக்டர்னு பதிஞ்சு வச்சிருக்கேன், பேத்தி போன்ல ஹெல்த்ஹப் ஆப் போட்டு குடுத்திருக்கா, ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டு அதுலயே வருது. அப்படியும் சந்தேகம்னா நான் கேக்கறது பலதுறை மருந்தகத்துல (பாலிகிளினிக்) இருக்கற அந்த மலாய்க்கார தாதியத்தான், தமிழ் கொஞ்சம் பேசும் அந்தப் பொண்ணு.


வயக்காடு_டூ_வுட்லண்ட்ஸ்
திங்கள், இரவு 8:10

பிரஷர் பேச்சு ஓடுது, நான் பாம்பு கத சொல்லலாமா. இதுவும் யாரு சொன்னாங்கறதுல இருக்கற விஷயம்தான்.

எங்க சித்தப்பா, விழுப்புரம் பக்கம், கரும்பு காடு. வெக்க தாங்காம வெளில தரையில பாய் போட்டு படுத்திருக்காரு, விடியக்காலைல வயித்து வலி, தொண்டை அடைக்குதுங்கறாரு. கடிபட்ட எடம் ஒண்ணும் தெரியல, வீக்கம் இல்ல, வலி இல்ல. சித்தி பாத்துட்டு நேத்து சாப்ட்ட கறிக்கொழம்பு ஒத்துக்கலன்னு ஓமத்தண்ணி குடுத்திருக்காங்க. அப்புறம் கண்ணு ரெப்பை ரெண்டும் தானா கீழ எறங்குது, தூக்கமா வருதுங்கறாரு. பெரியவங்க ரெண்டு பேரு காத்து கருப்பு பட்ருச்சு, மந்திரிக்கற ஆளு இருக்காரு, கூட்டிட்டு போலாம்னு கெளம்பியாச்சு, வண்டியும் எடுத்தாச்சு.

தெருமுனைல பால் ஊத்திட்டு வந்தவரு ஒருத்தர், அவரு அண்ணன் இதே மாதிரி செத்தவரு. சித்தப்பா கண்ண பாத்த உடனே "இது கட்டுவிரியன், தூங்க விடாதீங்க, ஜிஎச்சுக்கு (அரசு ஆஸ்பத்திரி) போங்க"ன்னு கத்திருக்காரு. மந்திரிக்கற ஆளு வீடு மேற்கால, ஜிஎச் கெழக்கால. அந்த எடத்துல வண்டி திரும்புனதுனால சித்தப்பா இன்னைக்கு இருக்காரு. விஷமுறிவு ஊசி எத்தன பாட்டில் போட்டாங்கன்னு சித்தி இன்னும் எண்ணிச் சொல்லும், ரெண்டு நாள் மூச்சுக்கு மிஷின் வேற.

அப்புறம்தான் டாக்டர்ட்ட கேட்டு தெரிஞ்சிக்கிட்டேன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலுக்கும் ஒரே ஊசிதான், பாம்ப அடிச்சு பையில போட்டு கொண்டு வர வேண்டாம். இறுக்கி கட்டக்கூடாது, கீறக்கூடாது, கடிபட்ட கால ஆட்டாம வச்சு கொண்டு வரணும். ரத்தத்த ஒரு கண்ணாடி குழாய்ல எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வச்சு உறையுதான்னு பாப்பாங்க, உறையலன்னா விரியன் விஷம் ஏறிருச்சுன்னு அர்த்தம். ஆனா கட்டுவிரியனுக்கு ரத்தம் சரியாத்தான் உறையும், அது நரம்புல வேலை பாக்கும், அதுக்கு கண்ணு ரெப்பைதான் சாட்சி. இதுல வேடிக்கை என்னன்னா, ஊசி செய்யற விஷம் எடுக்கறதே நம்ம ஊர்லதான், மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலில இருளர் கூட்டுறவு சங்கம், 1978லேர்ந்து. மருந்துக்கு மூலம் நம்ம பக்கத்துல, தகவல் மட்டும் பால்காரர் வழியா வருது. 2024 நவம்பர்லதான் பாம்புக்கடிய கட்டாயம் அரசாங்கத்துக்கு தெரிவிக்கணும்னு தமிழ்நாட்டுல கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்னாடி எங்க ஊர்ல எத்தனை பேரு காத்து கருப்பு கணக்குல போனாங்களோ.

நானும் உங்கள மாதிரிதான் செல்வம் அண்ணே, பாம்புக்கடி முதலுதவின்னு ஒரு பிடிஎப் செஞ்சு பேமிலி குரூப்ல போட்டேன். யாரும் தொறக்கல. போன பொங்கலுக்கு போனப்ப அந்த பால்காரர டீக்கடைல உக்கார வச்சு ஒரு வடை வாங்கி குடுத்து, நாலு பேரு இருக்கும்போது அவரையே சொல்லச் சொன்னேன். எல்லாரும் வாயப் பொளந்து கேட்டாங்க.


துவாஸ்_செல்வம்
வியாழன், இரவு 9:15

எல்லாருக்கும் பதில் போட லேட்டாயிருச்சு, ஓவர்டைம். நடந்தத சொல்றேன்.

அங்கன்வாடி டீச்சர் நம்பர் தங்கச்சி மூலமா கெடச்சுது, தங்கச்சி கூட படிச்ச பொண்ணாம். அவங்க மூலமா மக்களைத் தேடி மருத்துவம் அக்கா நம்பர் வந்துச்சு. இதுல பெரிய கூத்து என்னன்னா அந்த அக்கா எங்க தெருவுக்கு மாசா மாசம் வர்றாங்களாம், எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு தாத்தாவுக்கு பிரஷர் பாத்துட்டு போறாங்க. எங்க வீட்டுக்கு ஏன் வரலன்னு கேட்டேன். "உங்க வீடு சிங்கப்பூர்காரர் வீடாச்சே, பிரைவேட்ல பாப்பீங்கன்னு நெனச்சோம்"னாங்க. மாடி கட்டுனதுக்கு கெடச்ச மரியாதை. எங்கம்மாவும் போய் கேக்கல, மகன் சிங்கப்பூர்ல இருக்கான், இலவச மாத்திரைக்கு போய் நிக்கறதான்னு.

செவ்வாக்கெழமை வந்து பாத்திருக்காங்க, 170க்கு 100. அந்த அக்காவே கூட்டிட்டு போய் பிஎச்சில காட்டி, நோட்டு போட்டு, ஆம்லோடிபின்னு பிரஷர் மாத்திரை குடுத்துருக்காங்க. தட்டுல இருந்தத பொட்டலமா கட்டி கொண்டு போகச் சொன்னேன், நர்ஸக்கா சொன்ன மாதிரியே அந்த ஆரஞ்சு குட்டி மாத்திரைய பாத்து டாக்டரு, எத்தனை நாளா சாப்பிடறீங்கன்னு மூணு தடவ கேட்டாராம். அம்மா விட்டு விட்டுதான் சாப்ட்டுருக்கு, வாரத்துக்கு ரெண்டு மூணு, அதனால பயமில்ல, நிறுத்திரலாம்னு சொல்லிருக்காரு. சுகரும் பாத்தாங்க, கொஞ்சம் கூட இருக்கு, மறுபடி வெறும் வயித்துல எடுக்கணுமாம். முட்டிக்கு எக்சர்சைஸ் சொல்லித் தர ஒருத்தரு வீட்டுக்கு வருவாருன்னாங்க, அத நான் நம்பல, வந்தா சொல்றேன்.

கிட்னி விஷயத்த அம்மாட்ட நான் நாலு தடவ சொல்லியும் ம்ம் ம்ம்னுதான் சொல்லுச்சு. அந்த அக்கா ஒரே தடவ, எங்க மாமியாருக்கு இப்படித்தான் மாத்திரைய விட்டு டயாலிசிஸ் போனாங்கன்னு சொன்னவுடனே, உண்டியல்ல காசு போடுற மாதிரி ராத்திரி எட்டு மணிக்கு டாண்ணு போடுது. எனக்கு கொஞ்சம் வருத்தம்தான், மாசம் பணம் அனுப்புறவன் பேச்சுக்கு மதிப்பில்ல. போகட்டும்.

பக்கத்து வீட்டு மாமா இன்னைக்கு காலைல எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருக்காரு, முட்டி வலிக்கு எருக்கம் இலை.


நர்ஸக்கா
வியாழன், இரவு 10:02

சந்தோஷம் தம்பி. வர்ற மாசம் அளவு எவ்ளோ வருதுன்னு கேட்டு எழுதி வைங்க, 140க்கு 90க்கு கீழ வரணும். எருக்கம் இலைய சூடு பண்ணி ஒத்தடம் குடுத்தா குடுத்துட்டு போகட்டும், அந்த பால் மட்டும் கண்ணுல படாம பாத்துக்கச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மாமாவோட சண்டை போட முடியாது. வீட்ல ஒரு பிரஷர் மிஷின் இருந்தா நல்லது, மணிக்கட்டுல கட்டறது வேணாம், மேல் கையில கட்டறது வாங்குங்க. காபி குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள பாக்க வேணாம், அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு, கைய மேஜை மேல வச்சு.


ஆவுடையார்கோவில்_தம்பி
வியாழன், இரவு 11:30

அண்ணே அறந்தாங்கிலேர்ந்து உள்ளன்னா எந்த பக்கம்? நான் ஆவுடையார்கோவில் பக்கம்தான், வர்ற 20ந்தேதி ஊருக்கு போறேன், திருச்சி பிளைட்டு. மிஷின் வாங்கி குடுக்கறதா இருந்தா குடுங்க, லக்கேஜ்ல எடம் இருக்கு, ஞாயித்துக்கெழமை தேக்கா (லிட்டில் இந்தியா) வருவேன்.


துவாஸ்_செல்வம்
வெள்ளி, காலை 5:40

தம்பி ரொம்ப நன்றி, ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு தேக்கா மார்க்கெட் வாசல்ல பாப்போம். மிஷின் மட்டும்தான், வேற ஒண்ணும் குடுக்க மாட்டேன். ஒரே ஒரு உதவி, வீட்டுக்கே போய் அம்மாட்ட குடுக்காதீங்க, பெட்டியோட பீரோல வச்சு பூட்டிரும். அந்த அக்கா நம்பர் தர்றேன், அவங்க கையில குடுங்க, அவங்க வந்து பிரிச்சு போட்டு பழக்கி குடுப்பாங்க.